சனிக்கிழமை வாங்காத கடிகாரம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் ரவிக்குமாரின் பழைய சாமான் கடைக்குக் கடந்த ஆண்டு வந்து சேர்ந்த கைக்கடிகாரம் ஒன்று, கட்டியிருப்பவரின் அசதியை உறிஞ்சித் தனக்குள் துருவாகச் சேர்த்து வைத்தது. நேரத்தையும் சரியாகவே காட்டியது. அதன் முதல் சொந்தக்காரர் கெம்பையன் ஆலையில் தறி ஓட்டியவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை அவர் கொட்டாவி விட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் காலமானதும் பிள்ளைகள் கடிகாரத்தை விற்றுவிட்டார்கள். விளிம்பெல்லாம் செம்பழுப்பாக அரித்து, முகப்பில் ஏழும் எட்டும் இருந்த இடமே தெரியவில்லை. ரவிக்குமார் எதையும் மறைக்காத வியாபாரி. அந்தத் துரு எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

சொர்ணலதா நகரவில்லை. தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளி ஊர்க்காரி. கல்லூரி விடுதிச் சமையலறையில் ராகிக் களி கிண்டுகிறவள். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி அவளுக்கு. பாவம், அதை வெளியே சொல்வதற்குக்கூட அலுப்பாக இருந்தது. பார்த்ததுமே வாங்கியிருக்க வேண்டியதுதான். ஆனால் அவளுக்கு வார விடுமுறை சனிக்கிழமை. அவள் வீட்டிலோ சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டார்கள், எஃகும் இரும்பில் சேர்த்திதான். மற்ற நாளில் வர லீவு போட வேண்டும். லீவு போட்டால் அவள் பங்குக் களியை வேறு யாராவது கிண்ட வேண்டும். அந்தப் பழி நமக்கெதற்கு என்று, சனிக்கிழமைதோறும் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, தோள் லேசானதும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். கட்டிப் பார்ப்பது வாங்குவதில் சேராது என்று தீர்ப்பும் அவளே சொல்லிக்கொண்டாள். சனி பகவானையே ஏய்த்த கெட்டிக்காரி! இப்படியே மழைக்காலம் போய், தசராக் கூட்டம் வந்து கலைந்து, பனியும் இறங்கியது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை கட்டியபோது தோள் லேசாகவில்லை.

வாரத்தில் கொஞ்ச நேரம் கட்டுவது போதவில்லையோ என்று பயந்துபோனாள். சங்கராந்திக்கு விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போய் அடுப்பு அணைந்திருந்த ஒரு வார நாளில், வாங்கியே தீருவதென்று கிளம்பி வந்தாள். ரவிக்குமார் பின்மூடியை நெம்பித் திறந்தார். சக்கர இடுக்கெல்லாம் துரு நிரம்பி, முள் நின்றுவிட்டிருந்தது.

"இனி இதுல இடமில்லம்மா," என்றார் அவர். "கெம்பையன் பாதிதான் ரொப்பியிருந்தார். மிச்சம் சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க ரொப்பினது. பேடாம்மா, வேண்டாம், இத வாங்கி என்ன பண்ணுவீங்க?"

சொர்ணலதாவுக்கு அழுகை வந்துவிட்டது. தன் அசதிக்கு இனிப் போக்கிடமில்லையே என்றுதான் முதலில் அழுதாள். பிறகு அந்தத் துருவைப் பார்க்கப் பார்க்க, கடிகாரத்துக்காகவும் சேர்த்து அழுதாள்.

"இத்தன பாரத்தச் செமந்துச்சே, இது ஒரு நாளாச்சும் படுத்துச்சுங்களா?"

"வாட்ச் எங்கம்மா படுக்கும்?"

"யாரும் படுக்கச் சொல்லலீங்க. குடுங்க, நான் கொண்டுபோறேன்."

வீட்டில் பாய் விரித்து, தன் தலையணைமேல் கடிகாரத்தைப் படுக்க வைத்துப் போர்வை நுனியால் மூடினாள். விடுதி திறந்த காலையிலும் அது அசையவில்லை. சமையலறைப் பொறுப்பாளர் ரூபாவுக்குப் போன் போட்டாள். தனக்கென்று ஒருநாளும் லீவு கேட்டறியாதவள், கடிகாரத்துக்காகக் கேட்டாள்.

"அக்கா, வாட்ச்சு படுத்திருக்குதுங்க. தனியா உட்டுப்போட்டு வர முடியாதுங்க."

ரூபா கொஞ்சம் யோசித்தாள். "சரி பிடு, வர வேண்டாம். துணைக்கு நீயும் பக்கத்துல படுத்துக்க."

படுத்தாள். மறுநாள் தலையணை உறையில் துரு கேழ்வரகு மாவாக உதிர்ந்து கிடந்தது. வாசலில் உதறிவிட்டு வந்து மறுபடி படுத்தாள். தினமும் கொஞ்சம் உதிர்ந்தது, தினமும் உதறினாள். அவளுக்கும் கண் சொருகிக்கொண்டே இருந்தது.

வாரக் கடைசியில் ரூபாவே போன் செய்தாள். "எந்திரிச்சுதா?"

"இல்லீங்க்கா. இப்பத்தான் அசந்து தூங்குது."

"எழுப்பிடாதே," என்று வைத்துவிட்டாள் ரூபா. அந்த வாரம் முழுக்க சொர்ணலதாவின் அடுப்பில் ரூபாவேதான் களி கிண்டினாள். பிள்ளைகள் யாரும் குறை சொல்லவில்லை.