ஒரு விரல் உயரம்

லேத் பட்டறை வைத்திருந்ததால் எல்லாரும் அவனை லேத்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். போன வருஷத்திலிருந்து அந்தப் பெயரும் போய், காகிதம் என்று ஆகிவிட்டது. பெட்ரோல் போடப் போனால் பம்ப்காரன், "என்ன காகிதம், காத்து பலமா அடிக்குது, வண்டியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்பான். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். லேத்காரன் எதிரே இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அந்தப் பெயரை வைத்தது அவன் மனைவியின் அண்ணன். மச்சானும் அவனும் ஒரே பந்தயக் கழகத்தில் இருந்தவர்கள். வீட்டுக் கொட்டகையில் சொந்தக் கையால் கட்டிய சின்னக் கார்களை, யாரும் பயன்படுத்தாத பழைய விமான ஓடுபாதையில் ஓட்டும் கழகம் அது. முக்கியமான விதி ஒன்றுதான்: கார் எழுநூறு கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. இளைத்த வண்டி வேகமாக ஓடும், அதனால். லேத்காரன் எப்போதும் முதலில் வருவான். மச்சான் அவன் புகையைக் குடித்துக்கொண்டு அடுத்ததாக வருவான்.

கழகத்தில் எடை போடுகிறவன் மச்சான். கழகக் கொட்டகையின் தரையில் ஒரு குழி, அதற்குள் எடைத் தட்டு, ஒவ்வொரு சக்கரமாக அதில் ஏற்றிக் கூட்டிக்கொள்வது வழக்கம். போன வருஷம் ஒரு பந்தயத்தில் ஜெயித்து வந்த லேத்காரனின் வண்டி முப்பது கிலோ குறைவாக இருந்தது. "மாப்பிள்ளை, இது காரா காகிதமா?" என்று மச்சான் உரக்கக் கேட்டான். கொட்டகையே சிரித்தது. கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, திருட்டு எடை என்று சொல்லி அவனைத் தடை செய்தார்கள்.

வேறொருவன் என்றால் கத்தியிருப்பான். லேத்காரன் வீட்டுக்கு வந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டான். தன் வண்டியில் ஒரு ஆணியைக்கூட அவன் குறைத்ததில்லை. அப்படியானால் அந்த முப்பது கிலோ எங்கே போயிற்று? வண்டியைப் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

குளித்துவிட்டு ஏறி நின்று உடம்பு எடை பார்க்கிற சாதாரண மெஷின் இரண்டுதான் அவனிடம் இருந்தது. கதவுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெஷின் மேல் ஏறுவான், தன் எடையைக் கழித்துக்கொள்வான். என்ஜினுக்கு ஒரு கனத்த பலகை. ஒரு முனை செங்கல் மேல், மறு முனை மெஷின் மேல், நட்டநடுவில் என்ஜின். பலகையின் பாரத்தைக் கழித்தால் மெஷின் காட்டுவது பாதி எடை. கியர் பெட்டியும் அப்படித்தான்.

மனைவி ஒருநாள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். அவன் முன்பக்க இருக்கையைத் தூக்கிக்கொண்டு மெஷின் மேல் நின்றிருந்தான்.

"என்னைக்காவது என்னை இப்படித் தூக்கியிருக்கீங்களா?"

அவன் எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"எங்க அண்ணன் விளையாட்டா ஒரு வார்த்தை சொல்லிட்டான். அதையே மென்னுக்கிட்டு எத்தனை நாளைக்குங்க?"

அவன் எண்ணைச் சுவரில் எழுதிக்கொண்டான். அவளுக்கும் அது பழகிவிட்டது.

எல்லாவற்றையும் கூட்டினால் எழுநூறுக்கு மேலேயே வந்தது. வண்டியில் குறையில்லை. குறை எடை போட்ட விதத்தில். பிரித்ததை மறுபடி பூட்டினான். ஒரு மெஷின் தாங்காது என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, குறுக்கே பலகை போட்டு, ஜாக்கியால் தூக்கி ஒரு சக்கரத்தை அதன் மேல் இறக்கினான். இரண்டு எண்ணையும் கூட்டிக்கொண்டான். இப்படி நாலு சக்கரமும் பார்த்தபோது மொத்தம் எக்கச்சக்கமாக எகிறியது. பாகங்களாகப் போட்டதைவிட மிக அதிகம்.

அன்று முழுக்க அவன் தரையில் உட்கார்ந்து சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, மெஷின் மேல் இல்லாத மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்தான். மறுபடி நாலையும் போட்டபோது எடை கச்சிதமாகப் பாகங்களின் கணக்குக்கு வந்து நின்றது.

அவனுக்குப் பிடிபட்டது. ஒரு சக்கரம் மட்டும் உயரத்தில் நின்றால் பாரம் அதன் மேல் சாய்கிறது, பொய்யாக எடை கூடுகிறது. அப்படியென்றால் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் நின்றால்? மற்ற மூன்றும் பாரத்தைப் பிடுங்கிக்கொள்ளும், எடை குறையும். ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் இறக்கினால் ஒவ்வொன்றிலும் குறையும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒவ்வொரு சக்கரமும் தட்டில் ஏறவில்லை, 'தொப்' என்று இறங்கியது. குழியில் தட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு பிளைவுட் துண்டு கிடக்கும், தட்டு தரைமட்டத்துக்கு வருவதற்காக. மச்சான் அதை உருவியிருக்கிறான். வேலை முடிந்ததும் திரும்பச் சொருகியிருப்பான். இதை இனி யாரிடம் போய்ச் சொல்வது? அந்தக் குழியில் கை வைக்கிறவன் மச்சான் ஒருவன்தான். அவன் வாயால் சொன்னாலொழிய லேத்காரன் காகிதம்தான்.

அவன் காத்திருந்தான்.

மழையில் குழிக்குள் தண்ணீர் புகுந்து கழகத்தின் எடைத் தட்டு கெட்டுப்போன சேதி மனைவி வழியாகத்தான் வந்தது. "புதுசு வாங்க வழியில்லைன்னு தலைவரம்மா புலம்புறாங்களாம்." லேத்காரன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கழகத் தலைவரம்மாவிடம், என் கொட்டகையில் எல்லா வண்டிக்கும் நானே எடை போட்டுத் தருகிறேன், எண்ணை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நான் பலகை மட்டும் வைக்கிறேன் என்றான். அவன் அவ்வளவு பேசி அந்த அம்மா கேட்டதில்லை. அதனாலேயே ஒத்துக்கொண்டார்.

எடை போடுவதற்கு முந்தின நாள் அவன் மூன்று பலகைகளுக்கு அடியில் பிளைவுட் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு விரல் தடிமன்.

"எதுக்குங்க அது?" என்றாள் மனைவி.

"உயரம் சரி பண்றேன்."

அவள் பலகையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நாளைக்கு முதல்ல எங்க அண்ணன் வண்டிதானே?"

"ஆமா."

அவள் பெருக்குமாற்றை எடுத்து மரத்தூளைக் கூட்டி அள்ளினாள்.

மறுநாள் மச்சான் சிரித்துக்கொண்டே வந்தான். "என்ன மாப்பிள்ளை, குளிக்கிற ரூம் மெஷின்ல காரா? என் வண்டிக்குத் துண்டு கட்டி விடட்டுமா?"

தலைவரம்மா முதலில் மெஷின்களைச் சோதித்தார். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஐம்பதே காட்டின. பிறகு அவரே ஏறி நின்று குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் கூட்டு சேர்ந்து பொய் சொல்லுது!" என்றார். மச்சான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

லேத்காரன் ஜாக்கி போட்டான். மூன்று சக்கரங்கள் பலகைகள் மேல், நாலாவது மெஷின்கள் மேல். வண்டியை இரண்டு தடவை அமுக்கி விட்டான், ஸ்பிரிங் படியட்டும் என்று. தலைவரம்மா எண்ணைப் படித்தார். பிறகு அடுத்த சக்கரம். மச்சான் வாசலில் நின்று தங்கையிடம் கதை பேசிக்கொண்டிருந்தான். அவன் வண்டி எழுநூறைத் தாண்டும் என்பது அவனுக்கும் தெரியும், லேத்காரனுக்கும் தெரியும்.

நாலாவது சக்கரம் மெஷின் மேல் நிற்க, தலைவரம்மா கூட்டி முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இங்க வா. நாப்பது கிலோ குறையுதே."

"எதுல குறையுது?"

"உன் வண்டியிலதான்."

மச்சான் வந்து எண்களைப் பார்த்தான். முகத்திலிருந்து சிரிப்பு போக நேரமாயிற்று. பிறகு சட்டென்று மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, சக்கரங்களின் அடியைக் கண்ணால் அளந்தான். அவன் கண்ணுக்கு அது தெரியாமல் போகாது.

"அம்மா, பலகை சரியில்ல! இந்தச் சக்கரம் மட்டும் தாழ்வா நிக்குது!"

"ஒரு விரல் இருக்குமா? இருந்துட்டுப் போகட்டும். அதுல என்ன?"

மச்சான் வாயைத் திறந்தான்.

லேத்காரன் ஜாக்கியின் கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் குந்தினான். "சொல்லு மச்சான்," என்றான் மெதுவாக. "தாழ்வா நின்னா என்ன ஆகும்? அம்மாவுக்குத் தெரியல. நீதான் எடை போட்டுப் பழகினவன். எப்போ பார்த்த, யார் வண்டியில பார்த்த, எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லு."

மச்சான் அவனைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது: இதை விளக்கினால் அன்றைக்குத் தட்டைத் தாழ்த்தியதும் வெளியே வரும். ஜாக்கியிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இந்த நிமிஷத்துக்காகத்தான் லேத்காரன் இத்தனை நாள் பட்டினி கிடந்தவன் மாதிரிக் காத்திருந்தான். இதன் முடிவில் வரப்போகும் வார்த்தைகளை அவன் மனசுக்குள் எத்தனையோ தடவை மச்சானின் குரலிலேயே கேட்டிருக்கிறான்.

மச்சான் எழுந்தான். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினான். தங்கையை ஒரு முறை பார்த்தான்.

"ஒண்ணும் ஆகாதும்மா. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எடை குறைச்சலாத்தான் இருக்கு."

"அப்போ நீயும் குறைச்சிருக்கியா?"

"ஆமா."

லேத்காரன் குந்தியபடியே அவனை நிமிர்ந்து பார்த்தான். இவன் திருடன் பட்டத்தைக்கூட வாங்கிக்கொள்வான், அன்றைக்குச் செய்ததைச் சொல்ல மாட்டான் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை. இப்போது உண்மையைச் சொல்லக்கூடியவன் லேத்காரன் ஒருவன்தான். பலகையைத் திருப்பிக் காட்டினால் போதும். ஆனால் திருப்பினால் பிளைவுட் தெரியும், ஒட்டியது யார் என்று தெரியும். தலைவரம்மா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது சொல்வான் என்று. அவன் ஜாக்கியை இறக்க ஆரம்பித்தான்.

எல்லாரும் போன பிறகு மனைவி மூன்று பலகைகளையும் காலால் புரட்டினாள். ஒட்டியிருந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் வாயைத் திறந்திருந்தா?"

"என் பேரு திரும்பி வந்திருக்கும்."

"நீங்க திறந்திருந்தா?"

அவன் மெஷின்களைத் துடைத்து எடுத்து வைத்தான். அவள், "இனிமே எங்க அண்ணன் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது கோபமா இல்லை சேதியா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் பெட்ரோல் போடப் போனபோது பம்ப்காரன் காத்துக்கொண்டிருந்தான். "என்ன காகிதம், உன் மச்சானும் காகிதமாமே? குடும்பத்தோட பேப்பர் கடை வெச்சிருக்கீங்களா?"

வரிசை சிரித்தது. லேத்காரன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். இரண்டு வண்டி தள்ளி மச்சான் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். தலையைக் குனிந்து எதையோ தேடுகிறவன் போல மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து வரை சிவந்திருந்தது. லேத்காரன் அவன் தலை நிமிரும்வரை பார்த்தான், நிமிர்ந்து தன்னைப் பார்க்கும்வரை பார்த்தான், பிறகுதான் வண்டியைக் கிளப்பினான். இது போதும் என்று இருந்தது. கொட்டகைக் கதவைத் திறந்து, தான் ஒட்டிய பிளைவுட் மேலே தெரிய இன்னும் புரண்டே கிடந்த அந்த மூன்று பலகைகளைப் பார்க்கும்வரை போதும் என்றுதான் இருந்தது.