பூசணி அட்டை வாங்கிய ஆள்

சமையல் குறிப்பை அட்டையில் அச்சடித்து விற்கப் போகிறேன் என்று என் மருமகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சூப் வைப்பது எப்படி என்று சொல்லும் காகிதத்தை எவன் காசு கொடுத்து வாங்குவான்? நான் கிடங்கு வாசலில் பை சோதித்தே காலம் தள்ளியவன். திறந்து பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

அவள் கேட்கவில்லை. குளிர்காலத்துக்கு என்று நாலு அட்டை போட்டாள்: பூசணி சூப், கேரட் சூப், தக்காளி சூப், இஞ்சி டீ. மேலே படம், கீழே பேர் பெரிதாக, அதற்குக் கீழே சாமான்கள் கொஞ்சம் சிறிதாக, செய்முறை அதைவிடச் சிறிதாக. அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. மூலைகளைக் கத்தரியால் வளைத்து வெட்டுவாள். சாப்பாட்டு மேஜையில் என் தட்டை வைக்க இடமிருக்காது.

தெருமுனைக் காய்கறிக்கடைக்காரன் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பி ஸ்டாண்டு வைக்க இடம் கொடுத்தான். குளிர் முடிவதற்குள் அட்டைகள் நகராவிட்டால் அங்கே போன் சார்ஜர் தொங்கும் என்றும் சொல்லிவிட்டான்.

நகரத்தான் செய்தன, ஆனால் பூசணி மட்டும். மற்றதெல்லாம் தூசி தின்றுகொண்டு தொங்கின. வெயில்கால அட்டைகளை எப்படிப் போடுவது என்று இவள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். பூசணி ஏன் போகிறது என்று தெரிந்தால்தான் அடுத்ததும் போகும், ஸ்டாண்டும் தங்கும். நிறம்தான் காரணம் என்றான் என் மகன். பூசணி மலிவு, அதான் என்றான் கடைக்காரன். எழுத்தைக் குறைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிவிடலாம் என்ற முடிவுக்கு இவள் வந்திருந்தாள்.

"வாங்குறது யாருன்னு எவராவது பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஒருத்தரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கடைக்காரன் முறைத்தான், நான் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஒரு ஒல்லி ஆள் வந்தான். பூசணி அட்டைகளைக் கொத்தாக உருவினான். மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூசணியும் வாங்கவில்லை. காய் வாங்காதவனுக்கு ஒரே அட்டை இத்தனை எதற்கு? காப்பியடித்துத் தன் பேரைப் போட்டு விற்கப் போகிறான் என்று எனக்குப் பட்டது. பின்னாலேயே போனேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தான். அங்கே நாற்காலியில் காத்திருந்த பெண்ணின் கையில் நம் அட்டை ஒன்றைக் கொடுத்தான். எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

"எங்க வீட்டு அட்டைய இங்க உக்காந்து வித்துக்கிட்டு இருக்கியா?" என்றேன்.

அவன் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். "கொஞ்சம் இருங்கண்ணே. கடைசி வரிக்கு வந்துட்டேன்." புதுக் கண்ணாடி வழியாக அட்டையைக் கிட்டே கொண்டுவந்தாள், தள்ளிப் பிடித்தாள். "விதையைத் தூக்கிப் போடாதீர்கள். வறுத்து..." என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

அப்புறம்தான் விளங்கியது. அது அவன் கடைதான். புதுக் கண்ணாடி சரியா என்று படித்துப் பார்க்க அவனிடம் எழுத்து அட்டை ஒன்று முன்பே இருந்ததாம். ஆட்கள் இரண்டாம் வரியிலேயே சலித்துப்போய், தெரியுது தெரியுது என்று சொல்லித் தப்புக் கண்ணாடியை வாங்கிப்போவார்களாம். பிறகு வந்து சண்டை. இதை மட்டும் அடிவரைக்கும் படிக்கிறார்களாம். படித்துவிட்டுக் கையோடு எடுத்துப் போய்விடுவதால் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறதாம்.

"மத்த மூணும் உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"அதுல எல்லாம் கடைசி வரி 'சூடாகப் பரிமாறவும்'. அதைப் படிக்க எவன் பெரியவரே கண்ணை இடுக்குவான்?"

வீட்டுக்கு வந்து இருந்ததை இருந்தபடி சொன்னேன். பூசிமெழுக எனக்கு வராது. மருமகளின் முகம் தொங்கிவிட்டது.

"அப்ப ஒருத்தர்கூட சமைச்சுப் பாக்கலியா மாமா?"

அதை நான் கேட்கவில்லை என்றேன். அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்கும் அரிப்பு, கூடவே போனேன்.

கண்ணாடிக்காரன் தலையைச் சொறிந்தான். "ஒரு அம்மா வந்து சத்தம் போட்டாங்க. கண்ணாடி சரியில்ல, அதுல பாத்துத்தான் உப்பு அரை ஸ்பூன் போட்டேன், சூப்பு ஒரே கரிப்புன்னாங்க. சோதிச்சுப் பாத்தேன். கண்ணாடில ஒரு கோளாறும் இல்ல."

மருமகள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "பெரிய ஸ்பூனா சின்ன ஸ்பூனான்னு நான் போடவே இல்லியே" என்றாள். திட்டு வாங்கியவள் மாதிரியா இருந்தாள்? பரிசு வாங்கியவள் மாதிரி இருந்தாள்.

இனிமேல் நேராக உங்களிடமே வாங்கிக்கொள்கிறேன், விலையைக் குறைத்துக் கொடுங்கள் என்று அவன் பேச்சை எடுத்தான். நான் தலையாட்டப் போனேன்.

"வேணாம் சார், கடையிலயே வாங்குங்க. அங்க ஸ்டாண்டு நிக்கணும்" என்றாள். அந்தத் தந்திரம் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியெல்லாம் வெயில்கால அட்டைகளுக்குக் கடைசி வரியை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். படத்தைப் பெரிதாக்கும் பேச்சே இல்லை.

"தர்பூசணித் தோலை என்ன பண்ணலாம், சொல்லுங்க மாமா."

"மாட்டுக்குப் போடலாம்."

"அதை எவன் கண்ணை இடுக்கிப் படிப்பான்?"

பத்தடி நடந்தேன். பொறுக்கவில்லை. "சரி, வேற என்னதான் பண்ணலாம்?"

"அட்டை வரும், படிச்சுக்குங்க" என்றாள்.