மூட்டை போட்டு நிறுத்திய ஆறு

எனக்கு வயிறு எரிந்தது. ஏரி வற்றி உள்ளே போய்விட்டதால் படகுத்துறையை மறுபடியும் ஏரிக்குள் நீட்டியிருந்தோம். அப்படியும் நான் பழுது பார்த்துக் கொடுத்த படகு எஞ்சின்கள் சேற்றைத்தான் கடைந்துகொண்டிருந்தன. இந்த அழகில், நீர்வளத் துறை இன்ஜினியர் என் பட்டறைக்கே வந்து, மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பாடம் எடுத்தார்.

“ஏரிக்கு வர்ற ஆறு முப்பது வருஷமா ஒரே அளவுலதான் வருதும்மா. ஏரி வத்துறது வெயிலால. ஆத்துல தண்ணி எடுக்க இன்னொரு பம்ப் வச்சா ஒண்ணும் குறைஞ்சிடாது.”

“அப்போ ஏரிக்கு நாங்க குடை பிடிக்கணுமா சார்?”

சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அவருடைய மேலதிகாரி ஆற்றை நேரில் பார்த்து, பம்புக்குக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. பம்ப் வந்தால் ஏரியும் போச்சு, என் பட்டறையும் போச்சு.

அந்த ஆற்றை அளப்பவன் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி. விடிந்ததும் அவனைத் தேடிப் போனேன். பாலத்துத் தூணில் எண்கள் எழுதிய அளவுப் பலகை இருந்தது. அதன் பாதி வரைக்கும் தண்ணீர் நின்றது. இன்ஜினியர் சொன்னது நிஜம்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சம் கீழே நடந்து பார்த்தேன். ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டைகள். அவற்றைத் தாண்டி ஓடிய தண்ணீரில் என் செருப்புகூட முழுசாக நனையவில்லை.

“என்னடா இது?”

“தண்ணி பலகைக்கு எட்டலைக்கா. அளவு இல்லாம அனுப்பினா மேல இருந்து திட்டு விழும். எனக்கு முன்னாடி இருந்தவரும் மூட்டை போட்டுத்தான் எட்ட வச்சாரு. குறையக் குறைய ஒரு வரிசை ஏத்துவோம்.”

“அறிவு கெட்டவனே, தேங்கின குட்டையை அளந்துட்டு ஆறு ஓடுதுன்னா எழுதிக் கொடுத்தே?”

“பலகையில இருக்கறதைத்தானே எழுதினேன்.”

பாவி, பொய்யும் சொல்லவில்லை. அதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கி, முதல் மூட்டையைப் பிடுங்கி எறிந்தேன்.

“என் வேலை போயிடும்க்கா.”

“ஏரியே போகுது, இவனுக்கு வேலையாம்.”

அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நான் நிறுத்தவில்லை. குட்டை வடிந்தது. பலகை மொட்டையாக நின்றது, அடியில் வெறும் மணல். மூட்டை ஒன்றுதான் மிச்சம். அதற்குள் இன்ஜினியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பலகையைப் பார்த்தார். அவருக்கு அதிர்ச்சியே இல்லை, எரிச்சல்தான்.

“மூட்டையெல்லாம் எங்கப்பா? சீக்கிரம் எடுத்துப் போடு. பெரியவர் கார் இந்தப் பக்கம் திரும்பிடுச்சு.”

ஆக, இவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் என் பட்டறையில் உட்கார்ந்து வெயிலைக் குறை சொன்னார்.

தம்பி அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஆற்றில் இறங்கி, மிச்சமிருந்த மூட்டையைக் கரைக்கு இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

“பெரியவரே வந்து அளவு பார்க்கட்டும் சார்.”