ராஜகிரியில் பிழை கிடையாது

அரிகிருஷ்ணன் சென்னையில் ஆறு வருஷம் குப்பை கொட்டிவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பியபோது, கையோடு, இணையதளம் கட்டும் அடிச்சட்டமான ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கையும் கொண்டுவந்தார். சொந்தத் தயாரிப்பு. பெயர் 'ராஜகிரி', செஞ்சிக் கோட்டை நிற்கும் மலையின் பெயர். கோட்டையைப் போலவே இதையும் யாராலும் வீழ்த்த முடியாது என்று விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்திருந்தார். கோட்டையை எத்தனை பேர் பிடித்தார்கள் என்பது ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

திண்டிவனம் ரோட்டில் உரக்கடை மாடியில் ஆபீஸ். முதலாளியைத் தவிர இரண்டு பேர்: எழிலரசன், கலைமதி.

ரத்தினம்மாளின் மண்டிக்கு விவசாயிகள் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை ஏற்றிவர, திங்கட்கிழமை முதல் ஆன்லைனில்தான் டோக்கன், அதுவும் ராஜகிரியில். அதற்கு நான்கு நாள் முன்னால் மீட்டிங் போட்டார் அரிகிருஷ்ணன். விஷயம், எக்செப்ஷன். அதாவது, நிரல் வேலையை முடிக்க முடியாமல் கையைத் தூக்கினால், எந்த வகையில் தூக்கியது என்று பார்த்துத்தான் அடுத்த காரியம். ராஜகிரியில் இதற்கு ஒரு முறையே இல்லை. எழிலரசன் எழுதிய பகுதி கையைத் தூக்காமல் கம்மென்று இருந்துவிடும். அரிகிருஷ்ணன் எழுதியதோ ஒவ்வொரு முறையும் பிழைக்குப் புதுப் பெயர் சொல்லும். மொத்தம் நாற்பத்தொரு பெயர்.

"ரெண்டு வகை போதும் சார்" என்றாள் கலைமதி. "கேக்கறவங்க தப்பா கேட்டா ஒண்ணு. நம்ம பக்கம் பழுதுன்னா ஒண்ணு."

"நம்ம பக்கம் இன்னா பழுது?"

"டேட்டாபேஸ் பதில் சொல்லலைன்னா..."

"ராஜகிரியில அது நடக்காதும்மா. நடக்காததுக்கு எதுக்கு ஒரு வகை?"

"பொறக்காத புள்ளைக்கு பேரு வெச்ச கதைதான் சார்" என்றான் எழிலரசன். இரண்டு வருஷமாக அவன் எதற்கும் மறுத்துப் பேசியதில்லை.

ஆக, ஒரே வகை: 'பயனர் பிழை'. எது நடந்தாலும் திரையில் 'நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள்' என்று வரும். மூன்று முறை தவறினால் அந்த போன் நம்பருக்கு ஒரு நாள் பூட்டு. சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்தவள் கலைமதி.

திங்கள் காலை பத்துக்குப் பதிவு தொடங்கியது. நாலு மணிக்கு முடியும். பத்தேகாலுக்கு சிங்கவரத்திலிருந்து கலைமதியின் அப்பா வீரமணி கூப்பிட்டார். அவளுக்கு அவர் நைனா.

"கலை, நான் தப்பு பண்ணிட்டேன்னு வருதும்மா. நம்பர மூணு தடவ பாத்துப் பாத்துதான் போட்டேன். இப்ப பூட்டிக்கிச்சு."

குத்தகை நிலத்து மல்லாட்டை. காயவைத்து இருபத்திரண்டு மூட்டை களத்தில் கிடக்கிறது. தார்ப்பாய் ஒன்றுதான். இன்று டோக்கன் விழாவிட்டால் அடுத்த பதிவுக்கு இன்னும் ஒரு வாரம். மலைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கலைமதி எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மதியத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு 'பயனர் பிழை'. எல்லாம் டேட்டாபேஸ் திணறி விழுந்தவை. பூட்டை எடுக்கும் பாஸ்வேர்டு சாரிடம். சார் சாப்பிடப் போயிருந்தார். போனும் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அவர் படியேறி வந்தார். பின்னாலேயே ரத்தினம்மாளும் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"நாப்பது வருஷமா கையால சீட்டு குடுத்தேன். எவனும் பேர மறந்ததில்ல. இன்னிக்கு முந்நூறு பேரு சொந்த நம்பர மறந்துட்டானா?"

"விவசாயிங்களுக்கு இன்னும் டிஜிட்டல் பழக்கம் வரலம்மா. இருங்க, நானே போட்டுக் காட்டறேன்."

போட்டார். 'நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள்.' விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பத்து எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிப் போட்டார். 'நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள்.' மூன்றாவது முறை பூட்டிக்கொண்டது.

"என் தப்புதான். தப்பா போட்டுட்டேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை அந்த ஆபீஸ் கேட்டதே இல்லை. ராஜகிரியைக் காப்பாற்ற ராஜா தன்னையே பலி கொடுத்தார். எழிலரசன், "ஆமா சார், தப்பாத்தான் போட்டீங்க" என்றான்.

"அப்ப நாளைக்கு வரைக்கும் பூட்டியே கெட" என்ற ரத்தினம்மாள் திரும்பினார். "ஏம்மா, உனக்கு இன்னா தெரியும்?"

மேசைமேல் கலைமதியின் போன் அதிர்ந்தது. நைனா.

"ஒரே நேரத்துல இருபது பேருக்கு மேல வந்தா டேட்டாபேஸ் தாங்கலம்மா. அவங்க தப்பு இல்ல. எங்க தப்பு. பாஸ்வேர்டு குடுத்தா சரி பண்ணிடலாம்."

"குடுப்பா" என்றார் ரத்தினம்மாள்.

அரிகிருஷ்ணன் குனிந்து கலைமதியின் காதில் சொன்னார். வீழ்த்தவே முடியாத கோட்டையின் பாஸ்வேர்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிந்தது.

கலைமதி எல்லாப் பூட்டையும் திறந்தாள். 'தவறு எங்களுடையது' என்று சொல்லும் இரண்டாவது வகையைச் சேர்த்தாள். அது எத்தனை முறை வந்தாலும் பூட்டு விழாது. பிறகு, ஒரே நேரத்தில் இருபது பேர் நுழையும் டேட்டாபேஸ் வாசலை இருநூறு பேருக்கு அகலமாக்கப் போனாள்.

"'தவறு எங்களுடையது'ன்னா ரொம்ப பச்சையா இருக்குது. 'இயற்கை இடர்'னு போடலாமே?" என்றார் அரிகிருஷ்ணன்.

"முன்னாடியே அதப் போட்டுட்டேன் சார்."

மூன்று நாற்பத்தாறு. நைனாவின் போன்.

"டோக்கன் விழுந்துருச்சும்மா. நூத்தி எட்டு. தூறல் போட்டுது, ஆனா மூட்ட நனையல. அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு. 'தவறு எங்களுடையது, மீண்டும் முயலுங்கள்'னு. காலையில நான் தப்புன்னு வந்தப்பல்லாம் போனப் பாத்து மன்னிச்சுக்கங்கன்னு சொல்லினே இருந்தேன். இத எழுதன ஆளு நல்லவரா இருக்கணும். காலையில எழுதன அந்த ஆளு யாரு?"

"ரெண்டும் நான்தான் நைனா."

மறுமுனையில் தார்ப்பாயை உதறும் சத்தம் கேட்டது.

"சரி வை" என்றார் வீரமணி. "மூட்ட ஏத்த வண்டி வந்துடுச்சு."