சல்லடையில் மிஞ்சிய நீலம்

1

தட்டில் மணல்துகள் அளவில் மூன்று நீல ஓடுகள் கிடந்தன. அம்மா அவற்றை நல்ல ஓடுகளோடு சேர்த்துவிட்டு, அடுத்ததை ஒட்டி எடுக்கத் தூரிகையை நனைத்துக்கொண்டிருந்தாள். மகள் தட்டின்மேல் குனிந்தாள்.

(நடுவில் ஆரம்பித்துவிட்டேன். இன்று சாயங்காலம் அம்மாவின் ஆய்வகத்தில் நடந்தது இது. ‘நான்’ என்று எழுத வரவில்லை, அதனால் ‘மகள்’.)

2

அம்மா கடலடி மண்ணை அலசுகிறவள். கடலின் நுண்ணுயிர்கள் விட்டுப்போன, மணல்போலப் பொடியான ஓடுகள் சல்லடையில் மிஞ்சும். அந்த ஓடு வாழ்ந்த காலத்தில் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதை அதிலிருந்து அளப்பார்கள். ஒவ்வொரு அலசலுக்குப் பிறகும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்குவார்கள். இடுக்கில் ஒட்டிய பழைய ஓடு நீலமாகிவிடும். அடுத்த மண்ணில் நீலம் தலைகாட்டினால் அது வேறு காலத்து ஆசாமி, பொறுக்கி எறியவேண்டும். அம்மா இதுவரை ஒன்றைக்கூட விட்டதே—

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

3

இங்கே ஒரு கொடுமைக்கார மேலதிகாரியை எழுதி, பிறகு கோடிட்டு அடித்துவிட்டேன். அப்படி யாரும் இல்லை. இருந்தால் அவர்மேல் பழி போடலாம்.

“அம்மா, அது நீலம்மா.”

“எதுடி?”

“ஓரத்துல. மூணு இருக்கு பாரு.”

“சாம்பல் கலருடி அது. பெரிய விஞ்ஞானி வந்துட்டா!”

சிரித்தாள். ஆனால் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விளக்கைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள்.

கூட வேலை செய்யும் மாமா எட்டிப் பார்த்தார். “அக்கா, தட்டு ரெடியா? அமிலத்துல போட்டுடலாமா?”*

“இருப்பா, ஒரு தடவை பார்த்துடறேன்.”

கதவு சாத்தியதும் அம்மா எழுந்து நாற்காலியை மகள் பக்கம் தள்ளினாள். “நீலமா தெரியறதை நீயே எடுத்துடு. மாமாகிட்ட சொல்லாதே.”

மகள் எடுத்தாள். மூன்று இல்லை, ஏழு.

* கரைத்தால்தான் அளக்க முடியும். கரைந்தபிறகு எது நீலம், எது வெள்ளை என்று யாராலும் சொல்ல முடியாது.

4

முடிவு ஒன்று: மகள் மாமாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மா அதன்பின் தூரிகையைத் தொடவே இல்லை.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறாள்.

முடிவு மூன்று: அம்மாவே கண் டாக்டரிடம்— [அம்மாவா? எனக்கே நம்பிக்கை இல்லை.]

5

எந்த முடிவை எழுதினாலும் போன மாதத்துத் தட்டுகள் குறுக்கே வந்து நிற்கின்றன. அதற்கு முந்தையவையும். எல்லாம் கரைந்தாயிற்று, பழையவற்றின் அளவுகள் அம்மா பெயரில் கட்டுரையாக அச்சாகியும் ஆயிற்று. எப்போதிலிருந்து அம்மாவுக்கு நீலம் தெரியவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அம்மா கேட்டாள்: “நாளைக்கும் ஸ்கூல் விட்டு அங்க வந்துடறியாடி?”

மகள்— நான்— என்ன சொல்லட்டும்?