வளைவுக்குக் கீழே ஓர் எலுமிச்சை

ரம்பம் நின்றதும் மேஸ்திரி ஜெயவேல் கான்கிரீட் துண்டின் அறுத்த பக்கத்தில் தண்ணீர் அடித்தார். எண்ணூர் யார்டின் தரையில் செந்நிறச் சேறு வழிந்தோடியது. ஷெர்லின் குனிந்து பார்த்தாள்.

வடக்கே எழும்பப்போகும் ஆராய்ச்சி நிலையத்தின் சுவருக்கு அது மாதிரித் துண்டு. உள்ளே கிளம்பும் கதிர்வீச்சு வெளியே வராதபடி, இரும்புத்தாதுக் கல் போட்ட கான்கிரீட்டில், கை விரித்தாலும் எட்டாத தடிமனில் அந்தச் சுவரை அவள்தான் வடிவமைத்திருந்தாள். வயர் போகும் குழாய்கள்கூட அதற்குள் வளைந்துதான் போகும். நேர்வழி இருந்தால் கதிரும் அதிலேயே வந்துவிடும். வளைவுகளுக்கு அடியில் கான்கிரீட் பொத்தல் இல்லாமல் இறங்குகிறதா என்பதுதான் இன்றைய சோதனை.

மாதிரி தேறினால், சைட் பொறுப்பில் இருக்கும் அவள் கணவன் ஜெரின் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிவிடுவான். திரும்ப ஒரு வருஷமாவது ஆகும். தேறாவிட்டால் மறுபடி வார்த்து அறுக்க ஒரு மாதம். கையெழுத்து அவளுடையது. காலையில் ராயபுரம் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை யாரிடமும் சொல்ல முடியாது.

முதல் வளைவுக்குக் கீழே பொத்தல். உள்ளே வெந்து கறுத்த எலுமிச்சம்பழம்.

"அண்ணே, பூஜைப் பழமா?"

"நான் போட்டா மேல மெதந்துகினு நிக்கும் மேடம், எட்த்து கடாசிடுவேன். இத்த பாருங்க, கம்பியால கட்டிக் கீது. எவனோ பேமானி வேணும்னே பண்ணிகிறான்!"

கட்டுக்கம்பியின் நுனி உள்ளே மடிந்திருந்தது. அவள் சேலை கிழியக் கூடாதென்று வீட்டு மாடியில் துணிக்கொடிக் கம்பியையும் இப்படித்தான் மடித்திருந்தான் ஜெரின். திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற அவன் துறைமுகக் கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

சிரிப்பு வந்தது.

"வுடுங்க மேடம், இன்னொருவாட்டி ஊத்திக்கலாம். சாரும் ஒரு மாசம் இங்கியே குந்தினு இருப்பாரு, எனக்கும் ஜாலி."

ஒரு மாதம். நாலு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, மொட்டைமாடிக் காற்று, தூங்கும்போது பக்கத்தில் அவன் குறட்டை. ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே யாரோ ஒருத்தி தினமும் நாற்காலி போட்டு வேலை பார்க்கப்போகிறாள். அவளை நம்பவைக்கும் கையெழுத்தில் பொய் கலக்க முடியாது.

"இன்னும் ரெண்டு வளைவு இருக்கில்ல? அதையும் அறுங்க."

இரண்டிலும் ஊசிமுனை அளவு பொத்தல்கூட இல்லை. முதல் பொத்தல் பழத்தால் வந்தது, வார்ப்பில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

டீக்கடையில்தான் ஜெரினிடம் கேட்டாள். "கட்டுறதுக்கு எலுமிச்சம்பழம்தான் கிடைச்சுதா?"

"வெயிலுக்கு ஜூஸ் போட்டுக்கோங்கன்னு நீ குடுத்ததுதான்" என்றான் தலை நிமிராமல். "தேறலைன்னு எழுதியிருக்கலாமே, ஷெர்லி."

"காலையில கோயில்ல அதைத்தாங்க கேட்டேன்."

அவன் டீயை அப்படியே வைத்துவிட்டு அவள் விரல்களைப் பற்றிக்கொண்டான்.

"அசல் சுவர்ல ஏதாவது கட்டினீங்க..."

"சத்தியமா மாட்டேன்."

"நம்ப மாட்டேன். ஊத்துற அன்னைக்கு நானே வந்து கம்பிக்கு நடுவுல பார்ப்பேன். டிசைன் பண்ணவங்க வரணும்னு ரூல் இருக்கு."

அப்படி ஒரு விதியே கிடையாது. அவனுக்கும் தெரியும்.

"ஆமா, இருக்கு" என்றான். "மழை முடிஞ்சதும் ஊத்துவோம்."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழை தொடங்கவே இன்னும் எத்தனையோ நாள் இருந்தது.