உட்கார்ந்திருக்கும் வேலை

எனக்கு முன்னால் நின்று குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்த ஜூனியரின் கறுப்பு கவுன், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. அன்று காலையிலிருந்து என்னைக் கட்டுப்படுத்திய ஒரே சட்டம் அதுதான். அதற்கு ஒரு துணைப்பிரிவும் உண்டு: எழுந்திருக்கவும் கூடாது. இரண்டில் எதை மீறினாலும் அவள் வேறு அலுவலகத்துக்குப் போய்விடுவாள்.

இழுப்பது என் பழக்கம். ஜூனியரைப் பேசவிட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பேச்சு தடம் மாறினால் கவுன் நுனியைப் பிடித்து ஒரு சுண்டு. ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் அடுத்த கேள்விக்குப் போ. விடாமல் இழுத்தால், நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் மூன்றாவதில்தான் முடியும். இதற்குப் பயிற்சி என்று நான் பெயர் வைத்திருந்தேன். என் குமாஸ்தா வண்டி ஓட்டுவது என்று வைத்திருந்தார். "நம்மகிட்ட இருந்த ஜூனியருங்க எல்லாரும் இன்னிக்கு எப்படி நிக்கறாங்க பாரு" என்று நான் பெருமையடித்தால், அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா சார், போன இடத்துல" என்பார்.

இவளுக்குத் தந்தி என்று பெயரிட்டதும் அவர்தான். ஒரு சொல் கூடினால் யாரோ கட்டணம் கேட்டுவிடுவார்கள் என்பது போலப் பேசுவாள். போன வாரம் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சார், கிடங்கு வழக்குல அந்த மேனேஜர் சாட்சி எனக்கு."

"தாராளமா."

"முழுசா எனக்கு."

"அதான் தாராளமான்னேனே."

"நீங்க எந்திரிக்கக் கூடாது. கவுனையும் பிடிக்கக் கூடாது."

"பிடிச்சா?"

"எதிர்த்த மாடியில ஒரு மேஜை காலியா இருக்காம். கூப்பிட்டிருக்காங்க சார்."

குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னாள். எதிர்த்த மாடி அலுவலகத்துக்காரன் என்னோடு படித்தவன். அவனிடம் போகிற ஜூனியர்களுக்கு வாயே ஒட்டிக்கொண்டுவிடும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். இவள் வாயைத் திறப்பதற்காக அங்கே போகப் பார்க்கிறாள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அஜீரணம் என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தேன்.

வழக்கு சின்னதுதான், எங்களுக்கு. எங்கள் கட்சிக்காரரான காவலாளி அம்மாவுக்கு அப்படியில்லை. ஒரு கிடங்கின் வாசலில் பல வருஷம் காவலுக்கு இருந்தவர். ஒருநாள் சாயங்காலம் வாசற்கதவு பூட்டாமல் கிடந்தது, அவருடைய நாற்காலி காலியாக இருந்தது, மாடியில் என் அறை ஜன்னலிலிருந்தே பார்த்தேன் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். வேலை போய்விட்டது. "வேலைய விட்டுத் தூக்குனது கூடப் போகட்டும் சார். எங்கயோ படுத்துத் தூங்கிட்டேன்னு எழுதிட்டாங்களே. நான் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. கால் வீங்கிக் கெடந்துச்சு, எங்க எந்திரிக்கறது" என்று முதல் நாள் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் அதையே சொன்னார், நாங்கள் மறந்துவிடுவோமோ என்பது போல.

கேள்விகளைத் தயார் செய்தபோதே எனக்கும் தந்திக்கும் முட்டிக்கொண்டது. மூன்று கேள்விகளில் தகராறு இல்லை. எங்கே இருந்தீர்கள், அங்கிருந்து வாசல் தெரியுமா, சரக்கு ஏற்றும் நேரத்தில் லாரி எங்கே நிற்கும். தினமும் சாயங்காலம்தான் சரக்கு ஏற்றும் நேரம். லாரி நிற்பது அந்த ஜன்னலுக்கும் வாசலுக்கும் நட்டநடுவே.

"அடுத்து நாலாவது. லாரி மறைச்சுக்கிட்டு நின்னா நாற்காலி எப்படிய்யா தெரிஞ்சுது? அதோட ஆள் காலி" என்றேன்.

"கேட்டா, கீழ எறங்கி வந்து பார்த்தேன்னு சொல்லிடுவாரு சார்."

"கேக்கலைன்னா நீதிபதிக்குப் புரியணுமே."

"புரியும்."

"புரியலைன்னா?"

"வாதத்துல சொல்லிக்கலாம்."

அவள் சொன்னதுதான் சரி. பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று இளம் வழக்கறிஞர்கள் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசிக் கைதட்டு வாங்கியவனே நான்தான். ஆனால் மைக் முன்னால் இருக்கும் எனக்கும் சாட்சி முன்னால் இருக்கும் எனக்கும் அவ்வளவு நெருங்கிய பழக்கம் கிடையாது. "உன் இஷ்டம்" என்றேன்.

காலையில் நீதிமன்ற வாசலில் காவலாளி அம்மா என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

"நீங்க பேசலையா சார்?"

"அந்தப் பொண்ணு பேசும்மா. நல்லாப் பேசும்."

"நீங்க?"

"நான் சும்மா உக்காந்திருப்பேன்."

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அது ரொம்பக் கஷ்டமான வேலையாச்சே சார்" என்றார். கிண்டல் இல்லை. தொழில் தெரிந்தவர் சொல்கிறார்.

மேனேஜர் பளபளவென்று சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். முதல் கேள்விக்கு, "என் ரூம்ல இருந்தேன்" என்றார். இரண்டாவதுக்கு, "ஜன்னல் வழியா வாசல் நல்லாத் தெரியும்" என்றார், கேட்டதைவிட ஒரு சொல் கூட்டி. மூன்றாவதுக்கு, "லாரி முற்றத்துல நிக்கும். ஜன்னலுக்கு நேரா. ஏன்?" என்றார். தந்தி பதில் சொல்லவில்லை.

உட்காரவும் இல்லை. இவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் நான் மூச்சு விட்டிருப்பேன். காகிதத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. தட்டச்சுக்காரர் விரல்களை விசைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். மறந்துவிட்டாளா, யோசிக்கிறாளா, பயந்துவிட்டாளா? முதுகை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். பெரிய வக்கீல் என்று வெளியே பெயர்ப்பலகை தொங்குகிறது. உள்ளே கையைத் திருடன் மாதிரி அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கால் தானாக ஆட ஆரம்பித்தது. கேள் என்றது ஒரு மனசு, கேட்காதே என்றது இன்னொன்று. இரண்டும் என் குரலில்தான் பேசின, இரண்டும் சத்தமாக.

எப்போது எழுந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. நின்றுகொண்டிருந்தேன்.

"சீனியர் கேக்கறீங்களா?" என்றார் நீதிபதி.

நாலாவது கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. ஏன் எழுந்தோம் என்று தெரியாதவனைப் போலத் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் காவலாளி அம்மா, வீங்கிய கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, நாற்காலியில் ஒரு அங்குலம்கூட அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தி திரும்பவில்லை. கவுனுக்குள் அவளுடைய தோள்கள் மட்டும் லேசாகத் தணிந்தன. நான் தொடவே இல்லை. ஆனாலும் அவளுக்கு இழுப்பு போய்ச் சேர்ந்துவிட்டது.

"இல்லீங்க ஐயா," என்றேன். "கால் மரத்துப்போச்சு."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்ப வெளிய போய்க் கொஞ்சம் நடந்துட்டு வாங்க." யாரோ சிரித்தார்கள். மரத்துப்போன காலுக்கு மரியாதையாக ஒரு காலை இழுத்து இழுத்துக் கதவு வரைக்கும் நடந்தேன்.

வராந்தாவில் குமாஸ்தா நின்றிருந்தார். "எந்திரிச்சிட்டீங்களா?"

"கால் மரத்துப்போச்சுய்யா."

"எதிர்த்த மாடியில காலையிலயே மேஜையத் தொடச்சுட்டு இருந்தாங்க சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சும்மா தூசியத் தட்டிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்" என்று தணித்துக்கொண்டார்.

கதவில் முகத்தளவுக்கு ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதில் நெற்றியை ஒட்டிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். அவளாகக் கேட்டாளா, இவராகவே ஆரம்பித்தாரா? கையால் காற்றில் ஒரு சதுரம் வரைந்தார். ஜன்னலாக இருக்கலாம், லாரியாகவும் இருக்கலாம். பிறகு கை கீழே இறங்கியது. படியா, கீழே இறங்கி வந்து பார்த்தேன் என்கிறாரா? நீதிபதி எழுதினார். நிறுத்தினார். தலையைத் தூக்கி மேனேஜரைப் பார்த்தார். மறுபடி எழுதினார். தட்டச்சுக்காரரின் விரல்கள் பறந்தன. மேனேஜர் கைக்குட்டையை எடுத்து, சவரம் செய்த கன்னத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் பேசினார். கண்ணாடியில் என் மூச்சு படிந்தது. கையால் துடைத்தேன்.

அப்போதுதான் அவளுடைய இடது கையைப் பார்த்தேன். வலது கை மேஜைமேல் காகிதத்தின் மீது அமைதியாக இருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் வந்து, கவுனின் நுனியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. தனக்குத் தானே ஒரு சுண்டு: நிறுத்து.

"சார்," என்றார் குமாஸ்தா காதோரமாக. "என் சட்டைய விடுங்க. தையல் விட்டுரும்."

குனிந்து பார்த்தேன். அவருடைய சட்டை நுனி என் கையில் இருந்தது. விடத்தான் நினைத்தேன். உள்ளே மேனேஜர் எதையோ சொல்லி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார், அவள் ஏதாவது கேட்க மாட்டாளா என்பது போல. கறுப்புத் துணி அவள் தோளிலிருந்து பிடித்த கை வரைக்கும் விறைப்பாக இழுபட்டு நின்றது.